சிறுநீர், இனப்பெருக்க மண்டலக் கரு வளர்ச்சி மாதிரித் தொகுப்பு: ஓர் ஆசிரியரின் மதிப்பீடு

இடுப்புக் குழியை நெடுக்காக வெட்டிக் காட்டும் மாதிரி இல்லாத உடற்கூறியல் துறை இருக்காது. சிறுநீரகத்தின் வெட்டுமுக மாதிரியும் எப்படியும் ஒரு மூலையில் இருக்கும். ஆனால் விந்தகத்துக்கு வர வேண்டிய ரத்தம் ஏன் வயிற்றின் மேற்பகுதியில் பெருந்தமனியிலிருந்து கிளம்பி அவ்வளவு தொலைவு இறங்கி வருகிறது, விந்து நாளம் ஏன் சிறுநீர் நாளத்தின் (சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் செல்லும் குழாயின்) முன்புறமாகக் குறுக்கே வளைந்து செல்கிறது, கருப்பை ஒற்றைக் கொம்போடு அமைந்த பெண்ணுக்கு ஏன் சிறுநீரகங்களையும் ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும் என்றெல்லாம் ஒரு மாணவர் கேட்டால், அந்த மாதிரிகளிடம் பதில் இல்லை. பதில் இருப்பது கருவின் நான்காம் வாரத்துக்கும் பன்னிரண்டாம் வாரத்துக்கும் இடையில். அந்தக் காலத்தை முப்பரிமாணத்தில் காட்டுவதாகச் சொல்லி விற்கப்படும் ஒரு தொகுப்பை முதலாண்டு மருத்துவ மாணவர்களுக்கும் செவிலியர் மாணவர்களுக்கும் பாடம் நடத்தப் பயன்படுத்தி வருகிறேன். தயாரிப்பாளரின் பெயரைச் சொல்லாமல், இத்தகைய தொகுப்பை வாங்க நினைக்கும் ஆசிரியர்களுக்காக அதன் நிறைகுறைகளை இங்கே எழுதுகிறேன்.

தொகுப்பு இரண்டு பெட்டிகளாக வருகிறது. முதல் பெட்டியில் முதிர்ந்த உடலின் பாகங்கள்: ஆண், பெண் இடுப்புக் குழிகளின் நெடுக்கு வெட்டுகள், ஒரு சிறுநீரகம், சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டும் அலகான நெஃப்ரானைப் பெரிதாக்கிய ஒரு பலகை. இரண்டாம் பெட்டியில் கரு நிலைகள்: நான்காம் வாரக் கருவின் வெட்டுத் துண்டு, சிறுநீரகத்தின் ஏற்றத்தைக் காட்டும் ஒரு நிலைத்தண்டு, குளோயக்கா (சிறுநீர், மலப் பாதைகளுக்குக் கருவில் பொதுவாக இருக்கும் குழிவு) பிரிவதைக் காட்டும் மூன்று துண்டுகள், இனப்பெருக்க நாளங்களின் பலகை, புற உறுப்புகளின் வரிசை, விந்தகம் இறங்கும் பாதை. எல்லாமே பிசினில் வார்த்துக் கையால் வண்ணம் தீட்டப்பட்டவை. கழற்றி மாட்டும் பாகங்களில் சிறு காந்தங்கள் பதிக்கப்பட்டுள்ளன.

முதல் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிறுநீரகம் ஏறத்தாழ 11 செ.மீ. நீளத்தில், இயல்பான அளவிலேயே இருக்கிறது. புறணியும் அகணியும், கூம்புகளும் கிண்ணங்களும் தெளிவாகப் பிரிந்து தெரிகின்றன. நெஃப்ரான் பலகை எல்லாப் பாடநூல்களிலும் உள்ள படத்தின் புடைப்பு வடிவமே. ஒரு சிறுநீரகத்தில் சராசரியாகப் பத்து லட்சம் நெஃப்ரான்கள் இருக்கின்றன என்பதை உணர்த்த அது எந்த முயற்சியும் செய்யவில்லை. ஆண் இடுப்பில் சிறுநீர்ப் புறவழியின் (சிறுநீர்ப்பையிலிருந்து வெளியேறும் குழாயின்) நீளமும் வளைவுகளும், பெண் இடுப்பில் அது சுமார் 4 செ.மீ. மட்டுமே இருப்பதும் ஒப்பிட்டுக் காட்ட வசதியாக உள்ளன. பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று ஏன் எளிதில் வருகிறது என்பதை விளக்க இது போதும்.

ஆனால் பெண் இடுப்பு மாதிரியில் இரண்டு குறைகள் உள்ளன. இரண்டுமே பொறுக்கத் தக்கவை அல்ல. முதலாவது, கருப்பைத் தமனி சிறுநீர் நாளத்தின் மேலாகக் கடக்கும் இடம் காட்டப்படவேயில்லை. கருப்பைக் கழுத்திலிருந்து பக்கவாட்டில் ஏறத்தாழ 2 செ.மீ. தொலைவில் நிகழும் இந்தக் கடப்பு, கருப்பையை அகற்றும் அறுவை சிகிச்சையில் சிறுநீர் நாளம் காயப்படக்கூடிய இடங்களில் முக்கியமானது. இதைக் காட்டாத பெண் இடுப்பு மாதிரியை வைத்துக்கொண்டு மருத்துவ மாணவருக்கு என்ன கற்பிப்பது? இரண்டாவது, கிளிட்டோரிஸ் ஒரு சிறு புள்ளியாக மட்டும் வார்க்கப்பட்டுள்ளது. ஹெலன் ஓ'கானெல் 1998ஆம் ஆண்டிலேயே உடல் அறுப்பாய்வின் மூலம் அதன் உடல்பகுதி, கால்கள், குமிழ்கள் ஆகியவற்றின் உண்மையான பரப்பை விவரித்துவிட்டார். புறத்தே தெரியும் நுனியை மட்டும் காட்டும் பழைய வழக்கம் இன்னும் அச்சுகளில் தொடர்வது வெறும் சோம்பலே. இதில் நகைப்புக்குரியது என்னவென்றால், இரண்டாம் பெட்டியின் புற உறுப்பு வரிசையில் பிறப்புறுப்பு முகடு இரு பாலிலும் ஒரே அளவில் தொடங்குவது மிகச் சரியாகக் காட்டப்பட்டிருக்கிறது. ஆணில் அது ஆண்குறியாக வளர்வதைக் காட்டத் தெரிந்தவர்களுக்கு, பெண்ணில் அதே திசுக்கள் எங்கே போயின என்ற கேள்வி எழவில்லை போலும்.

இரண்டாம் பெட்டிக்கு வருவோம். தொகுப்பின் உண்மையான மதிப்பு இங்கேதான் இருக்கிறது.

நான்காம் வாரக் கருவின் வெட்டுத் துண்டில் இடைநிலை மீசோடெர்ம் (கருவின் நடு அடுக்கின் ஒரு பகுதி) தனியாகப் பிரிந்து ஒரு முகடாக எழுவது தெளிவாகத் தெரிகிறது. சிறுநீரகம், விந்தகம் அல்லது சினைப்பை, அவற்றின் நாளங்கள் ஆகிய எல்லாவற்றுக்கும் தாய் நிலம் இந்த ஒரே திசுப் பட்டைதான் என்பதை மாணவர் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க முடிகிறது. கழுத்துப் பகுதியில் முதல் சிறுநீரகம், அதற்குக் கீழே இடைச் சிறுநீரகம், எல்லாவற்றுக்கும் கீழே ஐந்தாம் வாரத்தில் தொடங்கும் நிலையான சிறுநீரகம் என்ற மூன்று தலைமுறைகளும் ஒரே துண்டில் அடுத்தடுத்துக் காட்டப்பட்டுள்ளன. ஒரே நேரத்தில் மூன்றும் முழுமையாக இருப்பதில்லை என்ற குறிப்பை மட்டும் ஆசிரியர் சொல்லியாக வேண்டும். தொகுப்போடு வரும் கையேடு இந்த இடத்தில் தவறு செய்கிறது. மனிதக் கருவில் முதல் சிறுநீரகம் சிறுநீரை உண்டாக்குவதாக அது எழுதுகிறது. அந்த அமைப்பு மனிதரில் வேலை எதுவும் செய்யாமலே மறைந்துவிடுகிறது. சிறிது காலம் இயங்குவது இடைச் சிறுநீரகம் மட்டுமே.

நிலையான சிறுநீரகத்தின் பிறப்பைக் காட்டும் பகுதி நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறது. இடைச் சிறுநீரகத்தின் நாளமான வுல்ஃபியன் நாளத்தின் கீழ்முனைக்கு அருகிலிருந்து முளைக்கும் சிறுநீர் நாள மொட்டு ஒரு தனிப் பாகம். அது சென்று நுழையும் மீசோடெர்ம் தொப்பி இன்னொரு பாகம். மொட்டைக் கழற்றினால் தொப்பி வெறுமையாக நிற்கிறது. தொப்பியை எடுத்தால் மொட்டு கிளைக்காத குச்சியாக நிற்கிறது. ஒன்றில்லாமல் மற்றொன்று வளராது என்ற செய்தியை இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது. தொப்பித் திசு வெளியிடும் ஜிடிஎன்எஃப் என்ற புரதம் மொட்டின் ரெட் (RET) என்ற ஏற்பியைத் தூண்டி அதைக் கிளைக்க வைக்கிறது. கிளைத்த நுனிகள் தம் பங்குக்குத் தொப்பியின் செல்களை நெஃப்ரான்களாக மாறத் தூண்டுகின்றன. ஆகவே சேகரிப்பு நாளங்களும் கிண்ணங்களும் சிறுநீர் நாளமும் மொட்டின் சந்ததி. பௌமானின் கிண்ணம் முதல் சேய்மைச் சுருள் குழல் வரை தொப்பியின் சந்ததி. தயாரிப்பாளர் முன்னதை நீலத்திலும் பின்னதைச் செம்மஞ்சளிலும் தீட்டியிருப்பது பாராட்டத்தக்கது. இந்த இரண்டு நிறங்களும் சந்திக்கும் இடத்தைச் சுட்டிக்காட்டி, இரண்டும் சரியாக இணையாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டாலே பாதி வகுப்பு விழித்துக்கொள்கிறது.

ஏற்றத்தைக் காட்டும் நிலைத்தண்டைப் பற்றி எனக்கு இரண்டு மனம். ஆறாம் வாரத்தில் இடுப்புக் குழிக்குள் இருக்கும் சிறுநீரகம் ஒன்பதாம் வாரத்தில் உதரவிதானத்துக்குக் கீழே வந்து சேர்வதையும், முன்னோக்கி இருந்த அதன் குழிந்த விளிம்பு ஏறத்தாழ 90 பாகை உள்நோக்கித் திரும்புவதையும் நான்கு படிகளில் அது காட்டுகிறது. ஒவ்வொரு படியிலும் அந்தந்த உயரத்தில் ஒரு புதிய தமனியைச் செருகலாம். பழையதைக் கழற்ற வேண்டும். பழையதைக் கழற்றாமல் விட்டுவிட்டால் கடைசிப் படியில் ஒரே சிறுநீரகத்துக்கு இரண்டு மூன்று தமனிகள் இருக்கும். கால்வாசி மனிதர்களுக்கு அருகில் கூடுதல் சிறுநீரகத் தமனி இருப்பதன் காரணத்தை இப்படி விளக்கும் வேறு எந்தக் கருவியையும் நான் பார்த்ததில்லை. கீழ்க் குடல்தாங்கித் தமனிக்கென ஒரு குறுக்குக் குச்சியும் தரப்பட்டுள்ளது. இரண்டு சிறுநீரகங்களின் கீழ்முனைகளைக் காந்தத்தால் ஒட்டி மேலே தள்ளினால் அந்தக் குச்சியில் வந்து தடுக்கி நிற்கும். சுமார் 500 பேரில் ஒருவருக்கு அமையும் குதிரைலாடச் சிறுநீரகம் ஏன் எப்போதும் தாழ்ந்தே இருக்கிறது என்பதற்கு அதற்கு மேல் சொற்கள் தேவையில்லை.

இரண்டாம் மனத்துக்குக் காரணம் நிலைத்தண்டின் அடிப்படைக் கற்பனை. முதுகெலும்பை அசையாத கம்பமாக நிறுத்தி, சிறுநீரகத்தை மட்டும் அதில் ஏற்றிக் காட்டுகிறார்கள். உண்மையில் இந்த ஏற்றத்தில் பெரும்பங்கு, கருவின் கீழ் உடல் நீண்டு வளர்ந்து சிறுநீரகத்தைவிட்டு விலகிச் செல்வதால் நேர்வது. நகரும் ரயிலில் இருப்பவருக்கு நடைமேடை பின்னோக்கிப் போவதைப் போன்றது. நான்கு படிகளிலும் கருவின் உடலை ஒரே அளவில் வைத்திருப்பதால் இந்த உண்மை மறைந்துபோகிறது. அளவுகோல் எங்கும் அச்சிடப்படவில்லை என்பதும் இதோடு சேர்ந்த குறையே. நான்காம் வாரக் கரு சில மில்லிமீட்டர் நீளமே உள்ளது, எட்டாம் வார முடிவில்கூட ஏறத்தாழ 3 செ.மீ. மட்டுமே என்று ஆசிரியர் சொல்லாவிட்டால், மாணவர்கள் உள்ளங்கை அளவுள்ள இந்தத் துண்டுகளையே உண்மை அளவென நம்பிப் போவார்கள்.

குளோயக்கா பிரியும் மூன்று துண்டுகள் தொகுப்பின் பலவீனமான பகுதி. ஒரு தடுப்புச் சுவர் மேலிருந்து இறங்கி, முன்னால் சிறுநீர்-இனப்பெருக்கப் பள்ளத்தையும் பின்னால் மலக்குடலையும் பிரிக்கிறது என்பது சரிதான்; நான்காம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை நிகழும் அந்தப் பிரிவின் தொடக்கமும் முடிவும் மட்டுமே இங்கே இருக்கின்றன, இடைநிலை தெளிவாக இல்லை. சிறுநீர்ப்பையின் உச்சியிலிருந்து தொப்புளுக்குச் செல்லும் யூரக்கஸ் ஒரு மழுங்கிய முனையாக முடிகிறது. சிறுநீர்ப்பையின் முக்கோணப் பகுதிக்கு வுல்ஃபியன் நாளத்தின் நிறமே பூசப்பட்டுள்ளது. அந்தப் பகுதி அந்த நாளத்திலிருந்து வந்தது என்பது நெடுங்காலம் கற்பிக்கப்பட்ட கருத்துதான் என்றாலும், சுண்டெலிகளில் பிற்பாடு நடந்த ஆய்வுகள் முக்கோணம் பெரும்பாலும் சிறுநீர்ப்பையின் சொந்தத் தசையாலேயே ஆனது என்று காட்டியிருக்கின்றன. புதிய தொகுப்பு என்று விற்கப்படும் ஒன்றில் இதற்கு ஒரு வரிக் குறிப்பாவது இருந்திருக்க வேண்டும்.

இனப்பெருக்க நாளங்களின் பலகைக்காகவே இந்தத் தொகுப்பை வாங்கலாம் என்பேன். அடிப்பலகையில் இரு பாலுக்கும் பொதுவான நிலை: இரு பக்கமும் வுல்ஃபியன் நாளம், அதன் வெளிப்புறமாகத் தொடங்கி, கீழே வரும்போது முன்புறமாக அதைக் கடந்து நடுக்கோட்டில் மற்றதோடு சேரும் முல்லேரியன் நாளம். இதன் மேல் ஆண் தகட்டையோ பெண் தகட்டையோ பொருத்தலாம். ஆண் தகட்டில் வுல்ஃபியன் நாளம் எபிடிடிமிஸாகவும் விந்து நாளமாகவும் விந்துப்பையாகவும் நீள்கிறது. முல்லேரியன் நாளத்தில் விந்தகத்தின் மேல் ஒட்டிய சிறு துணுக்கும் புராஸ்டேட்டுக்குள் ஒரு சிறு குழிவுமே எஞ்சுகின்றன. பெண் தகட்டில் நிலைமை தலைகீழ்: முல்லேரியன் நாளங்களின் மேற்பகுதிகள் ஃபலோப்பியன் குழாய்களாகப் பிரிந்தே நிற்க, கீழ்ப்பகுதிகள் இணைந்து கருப்பையாகின்றன, வுல்ஃபியன் நாளத்தின் எச்சங்கள் சினைப்பைக்கு அருகிலும் யோனிச் சுவரின் ஓரத்திலும் புள்ளிக் கோடுகளாகத் தெரிகின்றன. எச்சங்களையும் விடாமல் காட்டியிருப்பது இந்தத் தயாரிப்பாளரின் தனிச்சிறப்பு. அவை வெறும் கருவியல் வேடிக்கைகள் அல்ல, பின்னாளில் நீர்க்கட்டிகளாக மருத்துவரின் முன் வந்து நிற்பவை. முல்லேரியன் நாளங்கள் முழுதும் இணையாத நிலை, இணைந்தபின் நடுச்சுவர் கரையாத நிலை, ஒரு பக்கம் வளராத நிலை ஆகியவற்றுக்குத் தனித்தனிச் செருகல்களும் உண்டு.

இந்தப் பலகையில் ஆசிரியர் ஒருவர் கூடுதலாகச் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. முல்லேரியன் நாளம் கீழே வளர்வதற்கு வுல்ஃபியன் நாளம் வழித்துணையாக இருக்க வேண்டும். சிறுநீர் நாள மொட்டு முளைப்பதும் அதே வுல்ஃபியன் நாளத்திலிருந்துதான். எனவே ஒரு பக்கத்து வுல்ஃபியன் நாளத்தை அடிப்பலகையிலிருந்து கழற்றிவிட்டு, அந்தப் பக்கத்தில் இனி என்னென்ன உருவாகாது என்று கேட்டால், சிறுநீரகமும் கருப்பையின் ஒரு கொம்பும் சேர்ந்து இல்லாமற்போவதை மாணவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்துவிடுகிறார்கள். கையேட்டில் இந்தப் பயிற்சி இல்லை.

கையேட்டில் இருப்பது வேறொன்று. சினைப்பையும் பெண் உறுப்புகளும் “எந்தக் கட்டளையும் இல்லாதபோது தானாக” உருவாகுபவை என்று அது எழுதுகிறது. ஆல்ஃபிரட் ஜோஸ்ட் 1940களில் முயல் கருக்களில் நடத்திய சோதனைகளிலிருந்து கிளம்பிய கருத்து இது. பால் வேறுபாடு தோன்றும் முன்பே பாலுறுப்புச் சுரப்பியை அகற்றினால் கரு எந்தப் பாலாயினும் பெண் நாளங்களோடே வளரும் என்று அவர் காட்டினார். விந்தகம் சுரக்கும் இரண்டு பொருள்கள் வேண்டும், ஒன்று முல்லேரியன் நாளத்தை ஒடுக்க, மற்றொன்று வுல்ஃபியன் நாளத்தைக் காக்க என்ற முடிவும் அவருடையதே. நாளங்களைப் பொறுத்தவரை அந்தச் சோதனை இன்றும் நிற்கிறது. ஆனால் ஒய் குரோமோசோமில் விந்தகம் உருவாகத் தூண்டும் எஸ்ஆர்ஒய் மரபணு 1990இல் கண்டறியப்பட்டதற்குப் பிந்தைய ஆண்டுகளில், சினைப்பை உருவாவதற்கும் டபிள்யுஎன்டி4, ஆர்ஸ்பாண்டின்1 போன்ற மரபணுக்கள் முனைந்து வேலை செய்ய வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது. பெண் கருவில் வுல்ஃபியன் நாளம் மறைவதுகூடத் தானாக நிகழ்வதல்ல, அதை அகற்றும் பொறிமுறை ஒன்று இருக்கிறது என்று 2017இல் சுண்டெலிகளில் செய்த ஆய்வு ஒன்று காட்டியது. பலகையின் பெண் தகட்டில் சுரப்புகளைக் குறிக்கும் அம்புக்குறி ஒன்றுகூட இல்லாமல் ஆண் தகட்டில் மட்டும் அவை நிறைந்திருப்பதற்கு இந்தப் பழைய பார்வையே காரணம்.

விந்தகம் இறங்கும் பாதையைக் காட்டும் துண்டு எளிமையானது, ஆனால் புத்திசாலித்தனமானது. இடுப்பெலும்புக்கு மேலே இருந்து விந்தகத்தை வழிகாட்டும் கயிறு போன்ற குபர்னாகுலத்தைப் பிடித்து இழுத்தால், விந்தகம் கவட்டைக் கால்வாய் வழியே விரைப்பைக்கு வருகிறது; தமனியும் நாளமும் பின்னாலேயே இழுபட்டு வருகின்றன. இந்தத் துண்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தவருக்கு, தமனியின் நீளமும், விந்து நாளம் சிறுநீர் நாளத்தின் முன்னால் வளைந்து விழுவதும், விந்தகப் புற்று முதலில் பரவும் நிணநீர்க் கணுக்கள் கவட்டையில் அல்லாமல் பெருந்தமனியின் ஓரத்தில் இருப்பதும் மனப்பாடம் செய்ய வேண்டியவையாக இரா. ஏழாம் மாதத்தை ஒட்டிக் கால்வாயைக் கடந்து, பிறப்புக்கு முன் விரைப்பையை அடைவது இயல்பு என்ற காலக் கணக்கும் துண்டின் ஓரத்திலேயே பொறிக்கப்பட்டுள்ளது.

முதன்மைக் குறை வண்ணத்தில்தான். கருப் பெட்டியில் வுல்ஃபியன் நாளமும் அதன் மொட்டும் நீலம், தொப்பித் திசு செம்மஞ்சள், முல்லேரியன் நாளம் ஊதா, குளோயக்காவிலிருந்து வந்தவை மஞ்சள் என்று ஒழுங்காகத் தொடங்கிய குறியீடு, முதிர்ந்த உடலின் பெட்டிக்கு வரும்போது அறுந்துவிடுகிறது. அங்கே விந்து நாளம் வெள்ளை, சிறுநீர் நாளம் மஞ்சள், கருப்பை இளஞ்சிவப்பு. கடைகளில் கிடைக்கும் எந்தச் சாதாரண மாதிரியையும் போன்ற நிறங்கள். ஒரே தயாரிப்பாளர், ஒரே விலைப்பட்டியல், ஒரே கையேடு என்றிருக்கும்போது, நான்காம் வாரத்து நீலக் கோட்டை முதிர்ந்த உடலின் விந்து நாளம் வரை பின்தொடர விடாமல் செய்வது, இந்தத் தொகுப்பு எதற்காக உண்டாக்கப்பட்டதோ அதையே பாதியில் கைவிடுவதாகும். நான் மெல்லிய வண்ண நாடாக்களை வாங்கி முதிர்ந்த உறுப்புகளின் மேல் ஒட்டி வைத்திருக்கிறேன். பார்க்க அழகாக இல்லை, ஆனால் பாடம் நடக்கிறது.

இன்னொரு குறை மாதிரிகளின் மூலத்தைப் பற்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃப்ரைபுர்க் நகரத்தில் அடால்ஃப் சீக்லரின் பட்டறை கருவியலாளர்களோடு சேர்ந்து மெழுகில் கரு மாதிரிகளைச் செய்து விற்றது. 1883இல் குஸ்டாவ் போர்ன் நுண்சீவல்களை மெழுகுத் தகடுகளாகப் பெருக்கி அடுக்கி மாதிரி உண்டாக்கும் முறையை வெளியிட்டார். அந்தக் காலத்து மாதிரிகளுக்கு இன்ன அறிஞரின் ஆய்வைப் பின்பற்றிச் செய்தது என்ற அடையாளம் இருந்தது. இந்தப் பிசின் துண்டுகள் எந்தக் கருச் சேகரிப்பின் சீவல்களிலிருந்து, அல்லது எந்த மென்பொருள் மறுவடிவத்திலிருந்து எடுக்கப்பட்டவை என்று பெட்டியிலும் இல்லை, கையேட்டிலும் இல்லை.

பொருளின் உறுதி நடுத்தரம். காந்தங்கள் சிறுநீரக நிலைத்தண்டில் பிடிப்போடு உள்ளன. நாளப் பலகையில் பலவீனமாக இருப்பதால் தகட்டைச் சற்றுச் சாய்த்தாலே செருகல்கள் விழுகின்றன. ஆண் தகட்டில் விந்துப்பை மெல்லிய காம்பில் நிற்கிறது, அது உடைந்தால் தனியாக மாற்றுப் பாகம் கிடைக்காது. மாணவர்கள் கூட்டமாகக் கையாளும் வகுப்பில் பலகையை மேசையில் படுக்க வைத்தே பயன்படுத்துவது நல்லது. வண்ணம் மட்டும் அடிக்கடி துடைத்தும் உரியவில்லை.

இரண்டு பெட்டிகளும் தனித்தனியாகவும் விற்கப்படுகின்றன. ஏற்கெனவே நல்ல இடுப்பு மாதிரிகள் உள்ள துறையினர் முதல் பெட்டியைத் தொடவே வேண்டாம். கருப்பைத் தமனியும் முழுமையான கிளிட்டோரிஸும் உள்ள வேறு மாதிரிகள் கிடைக்கின்றன, அவையே மேல். இரண்டாம் பெட்டியைத் தயங்காமல் வாங்கலாம், ஆனால் கையேட்டை மாணவர்களிடம் அப்படியே கொடுக்கக் கூடாது. வாங்குபவர் மூன்று துண்டு குளோயக்கா மாதிரிக்குப் பதிலாகச் சிறுநீரகத் தமனிகளுக்கான கூடுதல் குச்சிகளைக் கேட்டால், விற்பனையாளர் அதே விலைக்குள் மாற்றித் தருகிறார், கேட்காவிட்டால் சொல்வதில்லை.